பேராசிரியர்களின் பணிச்சுமையைக் கணக்கிட்டுச் சமன் செய்வது எப்படி: துறை அளவில் ஒரு முழுமையான வழிகாட்டி

வொர்க்லோடு ஷீட்டைப் புதிதாக ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் முதலில் எக்செலைத் திறந்து இடது ஓரத்தில் ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாக அடிப்பார். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாடங்களை நிரப்பி, வாரத்துக்கு இத்தனை மணி என்று கூட்டுவார். கூட்டலில் பிழை இருக்காது. ஆனால் செமஸ்டர் தொடங்கிய இரண்டாவது வாரம் லேப் வாசலில் மாணவர்கள் நிற்பார்கள், ஆசிரியர் இருக்க மாட்டார். முதல் முறை நான் போட்ட ஷீட்டில் இது அப்படியே நடந்தது. மூன்றாவது பேட்சுக்கு, அதாவது லேபுக்காகப் பிரித்த மூன்றாவது மாணவர் குழுவுக்கு, ஆள் போடவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே உள்ள வரிசையில் பெயர்கள் ஏழாவது படியில்தான் வருகின்றன. அதற்கு முன் எந்தப் பெயரையும் எழுதாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள விரிவுரை, டுடோரியல், லேப் நேரப் பிரிப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் உண்மையில் சேர்ந்திருக்கும் மாணவர் எண்ணிக்கை. இங்கே அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை உதவாது. ஒவ்வொரு லேபிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்ற கணக்கு. யார் விடுப்பில் போகிறார், யார் ஓய்வு பெறுகிறார் என்ற பட்டியல். கடைசியாக, போன இரண்டு செமஸ்டர்களின் ஷீட்.

இவற்றில் லேப் இடக் கணக்கைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்கும்.

1. எந்த அலகில் எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மணி, பாடவேளை, கிரெடிட் ஆகிய மூன்றையும் ஒரே ஷீட்டில் கலந்தால் எந்தக் கூட்டலும் நிற்காது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள் நேரடிக் கற்பித்தலுக்கு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி என்கின்றன. மொத்தப் பணிநேரம் வாரம் 40 மணிக்குக் குறையாமல், ஆண்டுக்கு 30 வாரங்கள். இந்த 16 மணியைப் பல இடங்களில் 16 பாடவேளை என்று படித்துவிடுகிறார்கள். பாடவேளை 50 நிமிடம் என்றால் 16 பாடவேளை 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். கிட்டத்தட்ட மூன்று மணி நேர வித்தியாசம் கணக்கில் தெரியாமலே போய்விடுகிறது.

வேறு நாட்டு எண்களோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியருக்குப் பெரும்பாலும் வாரம் 8 அல்லது 9 பாடவேளை, பயன்முறை அறிவியல் கல்லூரிகளில் 18. அங்கே ஒரு பாடவேளை 45 நிமிடம். இங்கிலாந்தில் 1992-க்குப் பின் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனங்களின் பணி ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 550 மணி, வாரத்துக்கு 18 மணி என்று உச்சவரம்பு. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் 15 பணிச்சுமை அலகில் 12 கற்பித்தலுக்கு, 3 மற்ற பணிகளுக்கு. "அங்கே 9 மணிதானாம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால், எந்த மணி, எத்தனை வாரம், ஆராய்ச்சிக் கடமை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

என் பழக்கம் இரண்டு நெடுவரிசை வைப்பது. ஒன்றில் ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நேரம், கடிகார மணியில். மற்றதில் சுமை அலகு. முதலாவது டைம்டேபிளுக்கு, இரண்டாவது நியாயத்துக்கு.

2. வெயிட்டேஜை எழுதி ஒப்புதல் வாங்குங்கள்

ஒரு மணி விரிவுரை ஒரு அலகு. லேப், டுடோரியல், புராஜெக்ட் எல்லாம் அதனோடு ஒப்பிட்டு எவ்வளவு என்பதுதான் வெயிட்டேஜ். யாருக்கு எந்தப் பாடம் என்று தெரியும் முன்பே இதைத் துறைக் கூட்டத்தில் வைத்து முடித்துவிட வேண்டும். பெயர்கள் தெரிந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் பாடத்தின் வெயிட்டேஜுக்காகத்தான் வாதாடுவார்கள். அது மனித இயல்பு.

எண்ணைக் காற்றிலிருந்து பிடிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரு அலகு என்றால் உண்மையில் எத்தனை மணி வேலை என்று கேளுங்கள். ஒரு மணி வகுப்பு, அதன் பின்னால் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் இன்னொரு மணி, ஆக இரண்டு மணி என்று வைத்தால் 16 அலகு 32 மணி ஆகும். 40-இல் 8 மணி மிஞ்சும். ஆராய்ச்சியும் கூட்டங்களும் அந்த எட்டுக்குள்தான் அடங்க வேண்டும். வகுப்புக்குப் பின்னால் ஒன்றரை மணி என்று வைத்தால் 16 அலகே 40 மணியைத் தின்றுவிடும். இந்தப் பெருக்கலைக் கூட்டத்தில் பலகையில் போட்டுக் காட்டுங்கள். "இவ்வளவு வகுப்பும் வேண்டும், கட்டுரையும் வேண்டும்" என்ற பேச்சு அதன் பிறகு வேறு தொனியில் நடக்கும்.

அதே அளவுகோலில், லேபில் ஒரு மணி நின்று, பிறகு ரெக்கார்டு நோட்டுகள் பார்க்க அரை மணி ஆனால் மொத்தம் ஒன்றரை மணி. அதாவது 0.75 அலகு. கீழே உள்ள கணக்குகளில் நான் வைத்திருப்பது இந்த எண்தான். உங்கள் துறையில் அது வேறாக இருக்கலாம்.

பெரிய தவறு ஒன்று: கிரெடிட் கணக்கை அப்படியே ஆசிரியருக்கும் போடுவது. கிரெடிட் முறையில் ஒரு மணி விரிவுரைக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி லேபுக்கு ஒரு கிரெடிட் என்பது வழக்கம். அது மாணவர் எவ்வளவு கற்கிறார் என்பதற்கான அளவு. லேபில் இரண்டு மணி நேரமும் கால்கடுக்க நிற்கும் ஆசிரியருக்கு அது பாதியாகக் குறைந்துவிடுவதில்லை.

3. தேவையைக் கணக்கிடுங்கள்: பாடம் பாடமாக, பெயரில்லாமல்

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் 3 மணி விரிவுரை, 2 மணி லேப். வகுப்பில் 72 மாணவர்கள். லேபில் 24 இருக்கை.

மாணவருக்குக் கிடைக்கும் கிரெடிட் 3 + 1 = 4. மாணவரின் அட்டவணையில் தெரிவது 3 + 2 = 5 மணி. லேபுக்கு மூன்று பேட்ச் என்பதால் ஆசிரியர்கள் நிற்க வேண்டிய நேரம் 3 + (2 × 3) = 9 மணி. வெயிட்டேஜ் போட்ட பின் சுமை 3 + (6 × 0.75) = 7.5 அலகு.

ஒரே பாடத்துக்கு நான்கு எண்கள். ஷீட்டில் போக வேண்டியவை 9-உம் 7.5-உம். புதியவர்கள் பாடத்திட்டப் புத்தகத்தைப் பார்த்து 5 என்று எழுதிவிடுவார்கள். நானும் அன்றைக்கு எழுதியது அந்த 5-தான்.

இனி இதே வகுப்பில் எழுபத்து மூன்றாவது மாணவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் நான்காகிறது. நிற்கும் நேரம் 11 மணி, சுமை 9 அலகு. ஒரே ஒரு மாணவரால் ஒன்றரை அலகு ஏறிவிட்டது. அதனால்தான் எண்ணிக்கை இருக்கைகளின் மடங்கை ஒட்டி நிற்கும் வகுப்புகளுக்குச் சிவப்பு நிறம் அடித்து வைப்பேன். ஒரு ஸ்டூலைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கலாமா, கூடாதா என்பது லேபின் பாதுகாப்பைப் பொறுத்தது. கணினி லேபில் முடியும். அமிலம் கையாளும் இடத்தில் அந்தப் பேச்சே கூடாது.

ஒரு பேட்சுக்கு இரண்டு ஆசிரியர்கள் தேவைப்பட்டால் இருவருக்கும் முழு நேரத்தையும் போடுங்கள். "இரண்டு பேர் இருக்கிறார்களே, ஆளுக்குப் பாதி" என்பது நடைமுறையில் ஒருவர் வராமலே இருப்பதற்குத்தான் வழிவகுக்கும்.

புராஜெக்ட் வழிகாட்டலை மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று வையுங்கள், ஆசிரியருக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பும் வையுங்கள். வரம்பு இல்லையென்றால் மாணவர்கள் விரும்பும் இரண்டு ஆசிரியர்களிடம் எல்லோரும் போய்ச் சேர்வார்கள்.

4. திருத்தும் வேலையைத் தனியே சேருங்கள்

நிற்கும் நேரத்தை மட்டும் எண்ணும் ஷீட்டில் 18 பேர் வகுப்பும் 72 பேர் வகுப்பும் ஒன்றாகத் தெரியும். 15 வார செமஸ்டரில் இரண்டு உள்தேர்வுகள், ஒரு விடைத்தாளுக்கு 15 நிமிடம் என்று கொள்வோம். 72 பேருக்கு 72 × 2 × 15 = 2160 நிமிடம், அதாவது 36 மணி, வாரத்துக்கு 2.4 மணி. 18 பேருக்கு மொத்தமே 9 மணி, வாரத்துக்கு 0.6.

ஒவ்வொரு தாளையும் எண்ணிக்கொண்டிருந்தால் ஷீட் கணக்கப்பிள்ளை வேலையாகிவிடும். படிக்கட்டு முறை போதும்: 40 பேர் வரை கூடுதல் எதுவும் இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 20 பேருக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 0.5 அலகு. 72 பேர் வகுப்புக்கு இரண்டு படி, ஆக 1 அலகு. நம் எடுத்துக்காட்டுப் பாடம் இப்போது 8.5.

கட்டுரை வடிவ மதிப்பீடு உள்ள மொழி, சமூக அறிவியல் துறைகளில் ஒரு தாளுக்கு 15 நிமிடம் போதாது. அங்கே படிகளைக் குறுக்கி வையுங்கள். இயந்திரம் திருத்தும் கொள்குறி வினாக்கள் என்றால் படியே வேண்டாம்.

5. கையிருப்பைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் ஆட்கள் வருகிறார்கள், அதுவும் தலையெண்ணிக்கையாக மட்டும். எட்டு ஆசிரியர்கள் உள்ள துறை என்று வைப்போம். 14 அலகுக்கு இருவர், 16 அலகுக்கு ஆறு பேர். 28 + 96 = 124. ஒருவர் செமஸ்டர் முழுவதும் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். 16 போக 108. துறைத்தலைவருக்கு 4, லேப் பொறுப்பாளருக்கு 2, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டுச் சலுகையாக 2. மிச்சம் 100.

சலுகைகளை அதே அலகில் எழுத்தில் வையுங்கள். "சார் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்பது ஷீட்டில் ஏறாது. ஏறாத சலுகை அடுத்த தலைவர் வந்ததும் மறைந்துவிடும், அல்லது வேலை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒவ்வொரு சலுகைக்கும் எதிரே முடியும் தேதி ஒன்று இருக்கட்டும்.

காலிப் பணியிடத்தைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள். "செமஸ்டருக்குள் ஆள் வந்துவிடும்" என்பதை நம்பி ஷீட் போட்டு நான் ஒருமுறையும் பிழைத்ததில்லை.

6. பற்றாக்குறையைப் பெயர் போடும் முன் தீருங்கள்

மூன்றாம், நான்காம் படிகளில் வந்த தேவை 108 என்று வைப்போம். அதோடு 4 அலகை ஒதுக்கிவையுங்கள். காரணம் அடுத்த படியில் வரும். மொத்தம் 112. கையில் 100. குறைவு 12.

இந்த 12-ஐ ஏழு பேர் தலையிலும் பரவலாகத் தூவுவதுதான் எளிய வழி. அதைச் செய்தால் பற்றாக்குறை ஷீட்டிலிருந்து மறையும், நிர்வாகத்திடம் ஆள் கேட்க ஆதாரமும் மறையும். முதலில் தேவையைக் குறைக்க முடியுமா பாருங்கள்.

6 பேர் மட்டும் எடுத்த ஒரு விருப்பப் பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளினால் 3 அலகு குறையும். அதற்கு முன், அந்தப் பாடம் இல்லாமல் யாருடைய பட்டமும் தாமதமாகாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தலா 36 பேர் உள்ள இரண்டு பிரிவுகளுக்கு ஒரே விரிவுரை என்று சேர்த்தால் 3 அலகு மிச்சமாவதுபோல் தோன்றும். ஆனால் விடைத்தாள்கள் குறைவதில்லை. 72 பேர் வகுப்பானதால் திருத்தல் படி 1 அலகு ஏறும், நிகர மிச்சம் 2 தான். இரண்டும் சேர்த்து 5. மீதி 7 அலகுக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். "ஆள் பற்றவில்லை" என்று எழுதிய கடிதம் மேசையில் கிடக்கும். "7 அலகு, இன்ன பாடங்கள், இன்ன வாரம் முதல்" என்று எழுதியதற்குப் பதில் வரும்.

7. இப்போது பெயர்கள்

இதிலும் ஒரு வரிசை உண்டு. ஒரே ஒருவரால் மட்டும் நடத்த முடிகிற பாடங்களை முதலில் நிரப்புங்கள். அடுத்தது புதிதாகச் சேர்ந்தவர்: அவருக்கு ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகளைக் கொடுத்தால் தயாரிப்பு ஒன்றுதான். பிறகு மற்றவர்களின் விருப்பங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய முதலாண்டு அடிப்படைப் பாடங்களைக் கடைசிக்கு வையுங்கள். எடையைச் சரிபார்க்கும் சில்லறைக் கற்கள் அவை. முதலிலேயே தீர்த்துவிட்டால் கடைசியில் தராசைச் சமன் செய்ய எதுவும் இருக்காது.

தயாரிப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி நெடுவரிசை வேண்டும். ஒரே பாடத்தை நான்கு பிரிவுகளுக்கு எடுப்பவருக்கும், நான்கு வெவ்வேறு பாடங்களை எடுப்பவருக்கும் 12 அலகு என்றே வரும். வாழ்க்கை ஒன்றாக இருக்காது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் இளநிலைக் கற்பித்தலுக்கு வாரம் 12 மணி என்ற உச்சவரம்பைச் சொல்லும்போதே, ஆண்டுக்கு ஆறு தனித்தனித் தயாரிப்புகளுக்கு மேல் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் அந்த வரம்புக்குப் பொருள்.

ஒருவர் ஒரு பாடத்தை முதன்முறையாக நடத்தினால் 0.5 அலகு கூடுதல். யாருக்கு எது முதன்முறை என்பது பெயர் போட்ட பிறகுதான் தெரியும். அதற்காகத்தான் அந்த 4 அலகு, எட்டு முதன்முறைகளுக்குப் போதும். சில இடங்களில் இரண்டாவது பிரிவுக்குச் சுமையைக் குறைக்கிறார்கள். கணக்குப்படி அதுவும் இதே விளைவைத்தான் தரும். ஆனால் நின்று நடத்திய வகுப்பை "முழு வகுப்பில்லை" என்று சொன்னால் யாருக்கும் பொறுக்காது. முதன்முறைக்குக் கூடுதல் அலகு தருவதே என் கட்சி.

இருவர் பகிரும் பாடத்தை வாரக் கணக்கில் பிரியுங்கள். 3 அலகுப் பாடத்தில் ஒருவர் முதல் 7 வாரம், மற்றவர் அடுத்த 8 வாரம் என்றால் 1.4, 1.6. செமஸ்டர் சராசரிக்கு இது சரி. முதல் 7 வாரங்களில் அவர் உண்மையில் சுமப்பது முழு 3 என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

8. டைம்டேபிளில் இறக்கிப் பாருங்கள்

மூன்று பேட்சுகளையும் ஒரே நேரத்தில் வைத்தால் மூன்று லேபும் மூன்று ஆசிரியர்களும் வேண்டும். வெவ்வேறு நேரத்தில் வைத்தால் ஒருவரே 6 மணி நேரமும் பார்க்கலாம். அலகு இரண்டிலும் ஒன்றுதான், ஆட்களைப் பங்கிடுவது வேறு. அதனால் இந்தப் படி உங்களை ஏழாம் படிக்கு ஒன்றிரண்டு முறை திருப்பி அனுப்பும். அதற்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் ஒருவர் நிற்கிறாரா, முந்தைய நாள் கடைசி வகுப்பும் மறுநாள் முதல் வகுப்பும் அவருடையதா என்பதையும் பாருங்கள். இதற்கு அலகு கிடையாது. ஆனால் புகார் இதிலிருந்துதான் வரும்.

9. சமநிலையை விழுக்காட்டில் அளவிடுங்கள்

வெறும் அலகை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். துறைத்தலைவரின் இலக்கு 14 − 4 = 10; அவருக்கு வந்திருப்பது 10.5. உதவிப் பேராசிரியர் ஒருவரின் இலக்கு 16, வந்திருப்பது 15. பார்த்தால் இரண்டாமவர் அதிகம் சுமப்பதுபோல் இருக்கும். இலக்கால் வகுத்தால் முதலாமவர் 105 விழுக்காடு, இரண்டாமவர் 94.

எல்லோரையும் 95-க்கும் 105-க்கும் இடையில் கொண்டுவர முயலுங்கள். எல்லோரையும் சரியாக 100-இல் நிறுத்தப் பார்க்காதீர்கள். பாடங்கள் 3, 4 அலகுக் கட்டிகளாக வருகின்றன, அவற்றை உடைக்க முடியாது. அந்த முயற்சியில் ஒரு பாடத்தை மூன்று பேருக்குப் பங்கு போட்டு, மாணவர்களைக் குழப்பிய ஷீட்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

செமஸ்டரில் தீராத வித்தியாசத்தை ஆண்டுக்குள் தீருங்கள். இப்போது 112 விழுக்காடு சுமந்தவருக்கு அடுத்த செமஸ்டரில் 88. மீதியை எடுத்துச்செல்ல வரம்பும், ஓராண்டுக் காலாவதியும் வையுங்கள். இல்லையென்றால் யாராவது ஐந்தாண்டு பாக்கியோடு வந்து நிற்பார்.

10. எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டுங்கள்

ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை மட்டும் அனுப்பினால், மற்றவருக்குக் குறைவாம் என்ற பேச்சுதான் வளரும். முழு ஷீட்டையும் சலுகை நெடுவரிசையோடு வெளியிட்டு, மூன்று வேலைநாள் கொடுங்கள். அதில் தகவல் பிழைகளை மட்டும் திருத்துங்கள்: மாணவர் எண்ணிக்கை தவறு, பேட்ச் விடுபட்டது போன்றவை. வெயிட்டேஜ் பிடிக்கவில்லை என்ற மனுக்களை அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கான கோப்பில் போடுங்கள். நடுவில் ஒன்றை மாற்றினால் எல்லோருடைய எண்ணும் மாறும்.

சேர்க்கை முடிந்ததும், மூன்று அல்லது நான்காம் வாரத்தில், மாணவர் எண்ணிக்கையை மட்டும் புதுப்பித்து ஒருமுறை மறுகணக்கிடுங்கள். சிவப்பு அடித்த வகுப்புகளை முதலில் பாருங்கள். பழைய பிரதியைத் தேதி போட்டுத் தனியே வையுங்கள், அதன் மேல் எழுதாதீர்கள்.

செமஸ்டர் முடிந்ததும் கடைசியாக ஒரு நெடுவரிசையைச் சேருங்கள்: உண்மையில் நடந்தது. எத்தனை பேட்ச் ஓடியது, யார் யாருக்குப் பதில் வகுப்பு எடுத்தார், பகுதிநேர ஆசிரியர் எந்த வாரம் வந்து சேர்ந்தார் என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை கணக்கு போட உட்காரும்போது முதலில் திறக்க வேண்டிய நெடுவரிசை அதுதான்.